அப்பாவை இடது பக்கம் திருப்பவும்

அர்த்தனாரி என்ன வேலை செய்கிறான் என்று மலைமேல் இருக்கும் பெரக்கரை நாட்டு ஊர்களில் விசாரித்தால் ஆளுக்கொரு பதில் சொல்வார்கள். பாங்கு வேலை, ஊட்டிலிருந்தே பார்க்கிறான் என்பார் ஒருவர். கம்ப்யூட்டர் ரிப்பேர் என்பார் இன்னொருவர். அதை நம்பி நனைந்த செல்போனைத் தூக்கிக்கொண்டு நாலு பேர் வருவார்கள். ஒரு முறை பேளுக்குறிச்சிக்குப் பெண் பார்க்கப் போனபோது மாமனாராக வேண்டியவரும் இதையே கேட்டார். அர்த்தனாரி அடைப்புக்குறியிலிருந்து ஆரம்பித்து விளக்கினான். காப்பி ஆறி ஆடை கட்டியது. பெண்ணை லாரி வைத்திருப்பவருக்குக் கொடுத்தார்கள். லாரியை யாரும் விளக்க வேண்டியதில்லை.

அவன் செய்வது இதுதான். கம்ப்யூட்டருக்குக் கட்டளை எழுதப் பல மொழிகள் இருக்கின்றன. அவற்றில் லிஸ்ப் என்பது ஒரு பழைய குடும்பம். எதை எழுதினாலும் அடைப்புக்குறிக்குள் போட்டு எழுதுவது அந்தக் குடும்பத்து வழக்கம். அதன் கடைக்குட்டி ஒன்றுக்கு 'சாமை' என்று பெயர். உலகம் பூராவும் சாமையில் எழுதுகிறவர்களைத் திரட்டினால் ஒரு மினி பஸ்ஸில் ஏற்றலாம், உட்கார இடமும் மிஞ்சும். பெயர் வைத்தவன் அர்த்தனாரி. பெங்களூர்க் கம்பெனி ஒன்றுக்குச் சம்பளத்துக்கு வேலை பார்ப்பான், சாமைக்குச் சும்மா வேலை பார்ப்பான். எதைக் கவனமாகச் செய்வான் என்று கேட்க வேண்டாம்.

சாமையில் அவன் பொறுப்பில் இருந்தது 'மீதி' என்ற கட்டளை. ஒரு வேலைக்கு மூன்று சாமான் வேண்டும் என்றால், இரண்டை இப்போதே கொடுத்துவிட்டு மூன்றாவதற்கு இடம் மட்டும் விட்டு வைக்கலாம். புளியைக் கரைத்து மிளகை இடித்து வைத்துவிட்டு, ஆள் வந்தபிறகு அடுப்பைப் பற்ற வைப்பது மாதிரி. மீதி ஒரு மேக்ரோ. அதாவது நாம் ஒரு வரியில் சுருக்கி எழுதியதை, வேலை தொடங்குவதற்கு முன்பே கம்ப்யூட்டர் பத்து வரியாக விரித்து எழுதிக்கொள்ளும். அந்த விரிப்பில் பிசகு வந்தால் சரி செய்ய வேண்டியவன் அர்த்தனாரி.

பாதியை இப்போது செய்து மீதியை அப்புறம் பார்த்துக்கொள்வது அவனுக்குச் சின்ன வயதிலேயே கைவந்த கலை. அவன் கட்டிய வீட்டில் மாடிப்படி உண்டு. மாடி இல்லை.

போன மிளகுப் பருவத்தில் அவன் அப்பா அண்ணாமலைக்குப் பக்கவாதம் வந்தது. வலது கையும் காலும் விழுந்துவிட்டன. பேச்சு போய்விட்டது, ஒரே ஒரு சொல்லைத் தவிர. 'ஆமாங்க.' மூளையில் அடிபட்டவர்களுக்கு இப்படி ஒற்றைச் சொல் தங்கிவிடுவது உண்டு. சிலருக்குக் கெட்ட வார்த்தை தங்கும். அண்ணாமலைக்கு மரியாதையான சொல்லாக வாய்த்தது குடும்பத்தின் நல்ல காலம். பசிக்கிறதா என்றால் ஆமாங்க. பசிக்கவில்லையா என்றால் அதற்கும் ஆமாங்க.

சமவெளி ஆஸ்பத்திரியில் இருந்தவரை ஊட்டிய கஞ்சி வாயோரம் வழிந்துகொண்டே இருந்தது. மலைக்குக் கொண்டுவந்த அன்று சாயங்காலம் ஒரு கிண்ணம் ராகிக் கூழை மிச்சம் வைக்காமல் குடித்தார். அவர் எங்கே இருக்க ஆசைப்படுகிறார் என்பதற்கு அதைவிட வேறு சாட்சி யாரிடமும் இல்லை.

அர்த்தனாரியின் அக்கா சங்கீதா நாமக்கல்லில் இருக்கிறாள். கூழ்ச் சாட்சியம் அவளிடம் எடுபடவில்லை.

"உனக்குக் கம்ப்யூட்டரைப் பாத்தா சோறு தண்ணி மறந்து போகும். அத்தைக்கு மரவள்ளிக் காடு. அப்பாவை யாரு பாப்பா? கீழ நல்ல முதியோர் இல்லம் இருக்குது, நர்ஸு இருக்காங்க."

"நான் பாத்துக்கறேங்க்கா."

"பாரு. ரெண்டு மணி நேரத்துக்கு ஒருக்கா திருப்பிப் போடோணும்னு டாக்டர் சொன்னாரில்ல? படுக்கைப் புண்ணுன்னு ஒண்ணு வரட்டும், அன்னிக்கே கார் எடுத்துட்டு வாரேன். அப்புறம் உன்ற பேச்சைக் கேக்க மாட்டேன்."

பேச்சு அதோடு முடிந்தது. தோல் உடையாதவரை அண்ணாமலை மலையில் இருப்பார். உடைந்தால் இறங்கிவிடுவார். மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை சங்கீதா வந்து பார்த்துவிட்டுப் போவாள்.

திருப்பிப் போட இரண்டு பேர் இருந்தார்கள். ஒருவன் அர்த்தனாரி. மற்றவள் அத்தை சென்னம்மாள், அண்ணாமலையின் தங்கை. முதல் மாதத்தில் ஒரு நாள் அர்த்தனாரி யதார்த்தமாகக் கேட்டான்.

"அத்தை, அப்பாவைத் திருப்பிப் போட்டீங்களா?"

"நான் போடாம உங்கப்பன் தானா உருண்டுட்டாரா? என்னையக் கணக்குக் கேக்கறியா கண்ணு?"

அடுத்த நாள் அத்தை அதே கேள்வியைக் கேட்டாள். அவனுக்கும் சுருக்கென்றது. நோயாளி இருக்கும் வீட்டில் 'செஞ்சியா' என்று கேட்பது 'செய்யலைதானே' என்று சொல்வதற்குச் சமம். ஆகவே இரண்டு பேரும் கேட்பதை நிறுத்திக்கொண்டார்கள். வீட்டில் அமைதி நிலவியது. நல்ல மரியாதையான அமைதி. இந்த மாதிரி அமைதியில்தான் முதுகு புண்ணாகும்.

கேட்காமலே தெரிந்துகொள்ள வழி என்ன? வேறொருவனாக இருந்தால் சுவரில் ஒரு கடிகாரம் மாட்டியிருப்பான். அர்த்தனாரி சாமையில் ஒரு புரோகிராம் எழுதினான். பழைய செல்போன் ஒன்றைக் கட்டிலுக்கு மேல் சுவரில் அறைந்தான். நேரம் வந்தால் அது மணியடித்து, ஒரு பெண் குரலில், "அப்பாவை இடது பக்கம் திருப்பவும்" என்று சொல்லும். அடுத்த முறை வலது பக்கம். யார் அருகில் இருக்கிறார்களோ அவர்கள் போய்த் திருப்புவார்கள். இது ஒழுங்காக வேலை செய்தது.

ஒழுங்காக வேலை செய்ததால் அதை மேம்படுத்தினான்.

பழைய புரோகிராம் நீளமாக இருந்ததாம். பார்க்க லட்சணமாக இல்லையாம். ஒரு மீதிக்குள் இன்னொரு மீதியை வைத்து எழுதினால் மூன்றே வரியில் அடங்கிவிடும் என்று கண்டுபிடித்தான். யாரைத் திருப்புவது, எந்தப் பக்கம் என்ற இரண்டையும் முன்கூட்டியே கொடுத்துவிட்டு, நேரத்துக்கு மட்டும் இடம் விட்டான். எந்தப் பக்கம் என்ற இடத்தில் 'அடுத்த-பக்கம்' என்று எழுதினான். கேட்கிறபோதெல்லாம் பக்கத்தை மாற்றிச் சொல்வது அதன் வேலை. மூன்று வரியையும் நாற்காலியில் சாய்ந்து, ஓவியத்தைத் தள்ளி நின்று பார்ப்பது போலப் பார்த்து ரசித்தான். பக்கத்து அறையில் அப்பா முகட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

இதில் ஒரு சங்கதி உண்டு. எங்கோ வடக்கே இருக்கிற ஓம்பிரகாஷ் என்ற ஆள், மினி பஸ்ஸில் இடம் பிடித்தவர்களில் ஒருவர், போன தீபாவளி வாக்கில் ஒரு பிசகைச் சுட்டிக்காட்டி எழுதியிருந்தார். மீதிக்குள் மீதி வைத்தால் விரிப்பு தப்பாக வருகிறது. ஒவ்வொரு முறையும் புதிதாகக் கேட்க வேண்டியதை ஆரம்பத்தில் ஒரே ஒரு முறை கேட்டு வைத்துக்கொண்டு, அந்தப் பழைய பதிலையே சொல்லிக்கொண்டிருக்கிறது என்று. அர்த்தனாரி பதில் போட்டான்: "நன்றி. ஆனால் நிஜ வாழ்க்கையில் யாரும் இப்படி எழுத மாட்டார்கள். பிறகு பார்க்கலாம்." ஓம்பிரகாஷ் மாதா மாதம் பணிவாக நினைவூட்டிக்கொண்டிருந்தார். அர்த்தனாரி மாதா மாதம் பிறகு பார்த்துக்கொண்டிருந்தான்.

யாரும் எழுத மாட்டார்கள் என்ற அந்த வரியைத்தான் இப்போது தன் அப்பாவின் தலைமாட்டில் எழுதி மாட்டினான்.

போன் மணியடித்தது. "அப்பாவை இடது பக்கம் திருப்பவும்." அத்தை காட்டு வேலையிலிருந்து கை கழுவிக்கொண்டு வந்தாள். அண்ணாமலை இடது பக்கம்தான் படுத்திருந்தார். பையன் திருப்பிவிட்டான் போல என்று நினைத்துப் போய்விட்டாள். அடுத்த மணி. "அப்பாவை இடது பக்கம் திருப்பவும்." அர்த்தனாரி காதில் மாட்டியிருந்ததைக் கழற்றிவிட்டு எட்டிப் பார்த்தான். இடது பக்கம்தான். அத்தை சுறுசுறுப்பு என்று மனசுக்குள் மெச்சிக்கொண்டு திரும்பிப் போனான். சோறூட்டத் தூக்கி உட்கார வைத்தார்கள். முடிந்ததும் போன் சொன்ன பக்கமே படுக்க வைத்தார்கள். இப்படி ஒருவரையொருவர் மெச்சிக்கொண்டு ஒரு வாரம் ஓட்டினார்கள்.

"வசதியா இருக்குதுங்களாப்பா?"

"ஆமாங்க."

வீடு வீடாகப் போய்ப் படுத்த படுக்கையாக இருப்பவர்களைப் பார்க்கும் அரசாங்க நர்ஸ் பிரிசில்லா ஒரு வியாழக்கிழமை வந்தார். திண்டுக்கல் பக்கத்துக்காரர். மலைக்கு மாற்றலாகி வந்தபோது அழுதவர். இப்போது மாற்றல் கேட்கச் சொன்னால் முறைப்பவர். நலமா சுகமா எல்லாம் கிடையாது. நேரே போர்வையை விலக்குவார்.

விலக்கினார். இடது இடுப்பு எலும்புக்கு மேல் உள்ளங்கை அகலத்தில் சிவந்திருந்தது. விரலால் அழுத்தி எடுத்தார். நல்ல தோலாக இருந்தால் அழுத்திய இடம் வெளுத்து, பிறகு ரத்தம் ஓடிவரும். இது வெளுக்கவில்லை. அழுத்தும்போதும் சிவப்பு, எடுத்தாலும் சிவப்பு.

"யாரு திருப்புறது?"

"நாங்க ரெண்டு பேருங்க சிஸ்டர்" என்றாள் சென்னம்மாள்.

"கடைசியா யாரு திருப்புனது?"

அத்தை மருமகனைக் கை காட்டினாள். மருமகன் அத்தையைக் கை காட்டினான். இரண்டு கைகளும் கட்டிலுக்கு மேலே குறுக்காக நின்றன. அந்த நேரம் பார்த்துச் சுவரில் மணியடித்தது.

"அப்பாவை இடது பக்கம் திருப்பவும்."

பிரிசில்லா போனைப் பார்த்தார். அண்ணாமலையைப் பார்த்தார். "ஏற்கெனவே இடது பக்கம்தானே கிடக்குறாரு?"

"அது எப்பவும் அப்படித்தானுங்க சொல்லும்."

"எப்பவுமேவா?"

"ஒரு வாரமா. படிச்ச பையன் சொல்லி வெச்சிருக்கான், ஏதோ காரணம் இருக்குமுன்னு நெனச்சேனுங்க."

 அர்த்தனாரிக்கு ஓம்பிரகாஷின் பெயர், முகம் தெரியாத ஆளின் பெயர், கண்முன் வந்து நின்றது.

"சிஸ்டர், அது வந்து, விரிக்கும்போதே ஒரு தடவை கேட்டு வெச்சுக்குது. ஒவ்வொரு தடவையும் புதுசாக் கேக்கணும், ஆனா உள்ள ஒரு மீதி, வெளிய ஒரு மீதி..."

"தம்பி, தோலுக்கு இதெல்லாம் தெரியாது." பிரிசில்லா பேசிக்கொண்டே அண்ணாமலையை மல்லாக்கப் போட்டார். "இன்னும் உடையல. இன்னிக்கே கண்டதால தப்பிச்சீங்க. இடது பக்கம் கிட்டயே போகக் கூடாது. வலது, மல்லாக்க, மாத்தி மாத்தி. வலது பக்கம் உணர்ச்சி கம்மி, அவருக்கு வலிக்காது, அதனால அந்தப் பக்கத்தைத் தினமும் தொட்டுப் பாருங்க. முழுசா ஒருக்களிச்சுப் போடாதீங்க, முதுகுக்குத் தலையணை குடுத்துச் சாய்வா. குதிகால் மெத்தையில படக் கூடாது. சிவந்த இடத்தைத் தேய்க்காதீங்க, எண்ணெய் போட்டு நீவுறேன்னு யாராவது வந்தா வெளிய அனுப்புங்க."

கடைசி வாக்கியத்தைச் சென்னம்மாளைப் பார்த்துச் சொன்னார். அவள் கையில் அதற்குள் வேப்பெண்ணெய்க் கிண்ணம் வந்திருந்தது.

"அப்புறம் ஒண்ணு. திருப்புனவங்க வாயைத் திறந்து சத்தமாச் சொல்லணும். 'வலது பக்கம் போட்டாச்சு'ன்னு. அடுத்தவங்க கேக்குற வரைக்கும் காத்திருக்காதீங்க. ஆஸ்பத்திரியிலயே அப்படித்தான், எங்களுக்கே நம்பிக்கை கிடையாது."

கிளம்பும்போது வாசலில் நின்று சொன்னார். "உங்க அக்கா எனக்குப் போன் பண்ணுவாங்க. கேட்டா மறைக்க மாட்டேன்."

ஞாயிற்றுக்கிழமை சங்கீதா வரும் முறை.

அந்த வியாழன் மாலை கம்பெனிக்காரர்கள் மீட்டிங்கில் அர்த்தனாரியைத் தேடிக்கொண்டிருந்தார்கள். அவன் மீதியின் வயிற்றைக் கிழித்துப் போட்டு உட்கார்ந்திருந்தான். தன் மூன்று வரியை விரித்துக் காட்டச் சொன்னான். திரை முழுக்க அடைப்புக்குறி வழிந்தது. ஓம்பிரகாஷ் சொன்னது எழுத்துக்கு எழுத்து உண்மை. வெளி மீதி, உள் மீதியை விரிக்கும்போது, 'அடுத்த-பக்கம்' என்பதைத் தூக்கி வாசலுக்கு வெளியே வைத்துவிட்டது. புரோகிராம் கண் விழிக்கும்போது ஒரு தடவை கேட்கும். இடது என்று பதில் வரும். அந்த இடதைப் பத்திரமாக முடிந்து வைத்துக்கொண்டு ஆயுசுக்கும் அதையே சொல்லும். ஊரில் சில பெரிய மனிதர்களும் இப்படித்தான். அவர்களுக்கு யாரும் பிசகு அறிக்கை அனுப்புவதில்லை.

அதை வாசலுக்கு உள்ளே தள்ளினான். இனி மணியடிக்கும்போதெல்லாம் புதிதாகக் கேட்கும். இடதை நீக்கிவிட்டு வலது, மல்லாக்க என்று மாற்றினான். போனை மறுபடி ஓட விட்டான். முகத்தில் ஒரு வெற்றி.

மணியடித்தது. "அப்பாவை மல்லாக்கப் படுக்க வைக்கவும்."

அத்தை வலது பக்கமிருந்து அவரைப் புரட்டிப் போட்டு, நர்ஸ் சொன்னபடி, ஊருக்கே கேட்கிற மாதிரி கத்தினாள். "மல்லாக்கப் போட்டாச்சு!" வேலிக்கு அப்பால் நின்ற மாடு திரும்பிப் பார்த்தது.

அடுத்த மணி. "அப்பாவை மல்லாக்கப் படுக்க வைக்கவும்."

"சாமி! இப்பத்தான மல்லாக்கப் போட்டேன்னு தொண்டை கிழியக் கத்தினேன்? உன்ற மிஷினுக்குக் காது அடைச்சுப் போச்சா?"

முன்பு போலக் கத்தாமல் இருந்திருந்தால் இது தெரிய ஒரு வாரமும் இன்னொரு புண்ணும் ஆகியிருக்கும். இப்போது ஒரே மணியில் தெரிந்துவிட்டது. அர்த்தனாரி ஓடி வந்து அப்பாவை வலது பக்கம் சாய்த்து, முதுகுக்குத் தலையணை கொடுத்து, குதிகாலுக்கு அடியில் துண்டைச் சுருட்டி வைத்தான். "வலது பக்கம் போட்டாச்சு அத்தை!" என்று கத்தினான். கத்துவது அவனுக்குப் பழக்கமில்லை. குரல் பாதியில் உடைந்தது.

பிறகு திரைக்கு முன் போய் உட்கார்ந்து, தான் அவ்வளவு நேரம் தட்டியதை விரித்துப் படித்தான். விரிப்பில் 'அடுத்த-பக்கம்' ஓரிடத்தில் இல்லை. இரண்டு இடத்தில் இருந்தது. அந்த இடம் காலியா என்று சோதிக்க ஒரு தடவை, சொல்வதற்கு ஒரு தடவை. ஒவ்வொரு மணிக்கும் இரண்டு முறை பக்கம் மாறினால் கிளம்பிய இடத்துக்கே வந்து நிற்கும். ஒரு தடவையும் மாறாமல் நின்றதைத் திருத்தி, இரண்டு தடவை மாறி நிற்கும்படி செய்திருக்கிறான். நிற்பதில் வித்தியாசமில்லை.

அன்றும் மறுநாளும் போனை யாரும் நம்பவில்லை. அத்தையும் மருமகனும் தொண்டையை நம்பினார்கள். வலது என்று ஒரு சத்தம், மல்லாக்க என்று ஒரு சத்தம். அக்கம் பக்கத்தில் வீட்டில் சண்டை என்று பேசிக்கொண்டார்கள். அப்படியென்றால் சரியாகத்தான் நடக்கிறது என்று அர்த்தம்.

இடையிடையே அர்த்தனாரி விரிப்பைத் திருத்தினான். இந்த முறை அவசரப்படவில்லை. நடுவில் எழுந்து போய் அப்பாவைத் திருப்ப வேண்டியிருந்ததால் அவசரப்படவும் முடியவில்லை. மணியடித்ததும் ஒரே ஒரு முறை கேட்க வேண்டும். வந்த பதிலை, வேறு யாரும் வைத்திராத புதுப் பெயர் போட்ட ஒரு டப்பாவில் வைக்க வேண்டும். சோதிப்பதும் சொல்வதும் டப்பாவைப் பார்த்து நடக்க வேண்டும். அவ்வளவுதான். ஆறு மாதமாக, பிறகு பார்க்கலாம் என்று தள்ளிய வேலை. செய்து முடித்தபோது நாலு வரிதான் மாறியிருந்தது. சரியாகிவிட்டதா என்று பார்க்க ஒரு சோதனையும் எழுதினான். மாற்றி மாற்றி வலது, மல்லாக்க, வலது, மல்லாக்க என்று வந்தால் தேர்ச்சி. எங்காவது ஒரே பக்கம் அடுத்தடுத்து வந்தால் தோல்வி. சோதனைக்கு 'அண்ணாமலை' என்று பெயர் வைத்தான்.

ஓம்பிரகாஷுக்கும் எழுதினான். நீங்கள் சொன்னது சரி, திருத்திவிட்டேன், தாமதத்துக்கு மன்னிக்கவும் என்று. உடனே பதில் வந்தது: "மிக்க மகிழ்ச்சி. யாரும் இப்படி எழுத மாட்டார்கள் என்றீர்களே, கடைசியில் யார் எழுதினார்கள் என்று தெரிந்துகொள்ளலாமா?"

அதற்கு மட்டும் அவன் பதில் போடவில்லை. பிறகு பார்க்கலாம் என்று வைத்தான்.

ஞாயிறு காலை சங்கீதா காரில் வந்தாள். பின் சீட்டை மடக்கி, மெத்தை விரித்துக் கொண்டுவந்திருந்தாள். பிரிசில்லாவிடம் பேசிவிட்டாள் என்பதற்கு அந்த மெத்தையே போதும். செருப்பைக் கழற்றும்போதே ஆரம்பித்தாள்.

"வந்துருச்சில்ல? நான் சொன்னேனா இல்லையா? ஒரு மனுசனைத் திருப்பிப் போட ஒரு மிஷினு, அந்த மிஷினைப் பாத்துக்க ஒரு மனுசன்!"

"புண்ணு வரலீங்க்கா. சிவந்துச்சு. இப்ப வந்து பாருங்க."

"நீ சொல்றதை நான் நம்போணுமா?" கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள். "அப்பா, எங்கூட நாமக்கல்லுக்கு வாரீங்களா?"

"ஆமாங்க."

சங்கீதா தம்பியைப் பார்த்தாள். கேஸ் முடிந்தது என்ற பார்வை.

"அப்பா, இங்கயே நம்ம ஊட்டுலயே இருக்கீங்களா?" என்றான் அர்த்தனாரி.

"ஆமாங்க."

"அண்ணா, உங்களைத் தூக்கிப் புளியஞ்சோலைத் தண்ணிக்குள்ள போட்டுடட்டுமா?" என்றாள் சென்னம்மாள், இரண்டு பேர் மீதும் இருந்த எரிச்சலில்.

"ஆமாங்க."

அண்ணனின் இடுப்புத் துணியை அவளே விலக்கினாள். "வாயைக் கேட்டு என்ன புண்ணியம்? தோலைக் கேளு. நர்ஸம்மா காட்டிக் குடுத்தாங்க. விரலை வெச்சு அழுத்து. பயப்படாத, உங்கப்பன்தான்."

சங்கீதா விரலை வைத்தாள். சிவப்பு மங்கி, பழைய பித்தளை நிறத்தில் இருந்தது. அழுத்தினாள். எடுத்தாள். விரல் பட்ட இடம் வெளுத்து, ஒரு மூச்சு விடும் நேரத்தில் ரத்தம் ஓடிவந்து நிரம்பியது. நம்பாமல் இன்னொரு முறை அழுத்தினாள். மறுபடியும் வெளுத்தது, மறுபடியும் வந்தது. வலது இடுப்பைப் பார்த்தாள். குதிகாலைப் பார்த்தாள். முதுகுத் தண்டின் அடியைப் பார்த்தாள். கண்டுபிடிக்க ஒன்றும் இல்லை. வீணாக மெத்தை விரித்துக்கொண்டு வந்தவளின் முகம் எப்படி இருக்குமோ அப்படி இருந்தது.

"அடுத்த மாசமும் வருவேன்" என்றாள்.

"வாங்க."

"சொல்லாம வருவேன்."

"அப்பவும் வாங்க்கா."

சுவரில் மணியடித்தது. "அப்பாவை வலது பக்கம் திருப்பவும்."

அர்த்தனாரி எழுந்தான். சங்கீதா அவனைத் தள்ளிவிட்டு முந்திக்கொண்டாள். எங்கே பிடிப்பது என்று தெரியாமல் தோளைப் பிடித்து இழுத்தாள். அத்தை அவள் கையை எடுத்து ஒன்றை இடுப்பிலும் ஒன்றை முதுகிலும் வைத்தாள். அண்ணாமலை இடது கையால் கட்டில் சட்டத்தை எட்டிப் பிடித்து, தன் பங்குக்குக் கொஞ்சம் இழுத்துக்கொடுத்தார். முதுகுக்குத் தலையணை. குதிகாலுக்குத் துண்டு. சங்கீதாவுக்கு நெற்றியில் வேர்த்துவிட்டது. இதைத்தான் இல்லத்தில் நர்ஸுகள் புன்னகையோடு செய்வார்கள் என்று விளம்பரத்தில் பார்த்திருந்தாள்.

அத்தை அவளைப் பார்த்துக்கொண்டு நின்றாள். "என்ன நிக்கற? கத்து."

"என்னன்னு?"

"போட்டாச்சுன்னு. போட்டவங்கதான் கத்தோணும். இந்த ஊட்டுச் சட்டம்."

சங்கீதாவுக்கு வெட்கமாக இருந்தது. நாமக்கல்லில் அவள் வீட்டில் யாரும் கத்துவதில்லை. மெதுவாக, "வலது பக்கம் போட்டாச்சு" என்றாள். அத்தை காதில் கையை வைத்துக் காட்டினாள். சங்கீதா மூச்சை இழுத்து உரக்கக் கத்தினாள்.

"வலது பக்கம் போட்டாச்சு!"

"ஆமாங்க" என்றார் அண்ணாமலை.

நோய் வந்தபிறகு அந்தச் சொல் சரியான இடத்தில் விழுந்தது அந்த ஒரு தடவைதான். தற்செயலாகத்தான் இருக்கும். மத்தியானம் சங்கீதா காலிக் காரில் கீழே இறங்கினாள். மடக்கிய பின் சீட்டில் விரித்திருந்த மெத்தை மேல் அத்தை ஒரு மூட்டை மரவள்ளிக்கிழங்கை ஏற்றி அனுப்பினாள். இடமிருக்கும்போது விடுவானேன்.